மனச்சிதைவும் மூளையின் வெண்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, என்று சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் அண்ணன், அவ்வளவுதான். கொஞ்ச நாளாக மற்ற குடும்பத்தினர் ‘வெண்பொருள்’ பற்றி நிறையக் கேட்கிறார்கள். யாரோ அனுப்பிய வீடியோ, ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரி, ‘மூளை ஒயரிங்கை ரிப்பேர் செய்யும்’ மாத்திரை விளம்பரம் என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

வெண்பொருள் என்பது மூளையில் எது?

ஆட்டு மூளையைக் கழுவி நறுக்கியவர்களுக்கு எளிதில் புரியும். ஓரத்தில் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறம், உள்ளே பால் வெள்ளை. நம் மூளையும் அப்படித்தான். சாம்பல் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் இருக்கின்றன. வெள்ளைப் பகுதியில் அவற்றிலிருந்து கிளம்பி வேறு இடங்களுக்கு ஓடும் நீண்ட இழைகள் இருக்கின்றன. அந்த இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதன்மேல் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை, அதாவது மயலின். உறையைச் சுற்றிவிடுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற துணைச் செல்.

உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி செகண்டுக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். நல்ல தடிமனான மயலின் உறை இருந்தால் 100 மீட்டர் வரைகூடப் போகும். டென்மார்க்கில் 2003-ல் வந்த ஒரு கணக்கின்படி, 20 வயது ஆணின் மூளையில் மயலின் சுற்றிய இழைகளையெல்லாம் நீட்டிப் போட்டால் சுமார் 1,76,000 கிலோமீட்டர் வரும். பூமியை நான்கு முறை சுற்றினாலும் மிச்சம் இருக்கும்.

மனச்சிதைவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தச் சந்தேகம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. மூளைப் பகுதிகளை இணைக்கும் இழைகளில் தொடர்பு அறுவதால்தான் மனநோய் வருகிறது என்று ஜெர்மன் டாக்டர் கார்ல் வெர்னிக்கே 1900-ஐ ஒட்டிய வருடங்களிலேயே எழுதினார். 1908-ல் ஸ்விட்சர்லாந்தின் மனநல டாக்டர் ஆய்கன் ப்ளாய்லர் இந்த நோய்க்கு ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்று பெயர் வைத்தார். ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள் என்ற சினிமாக் கதைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும், எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இருக்கும் முடிச்சு அவிழ்ந்துபோவதைத்தான் அவர் சொன்னார். 1995-ல் மூளை ஆய்வாளர்கள் கார்ல் ஃப்ரிஸ்டனும் கிறிஸ் ஃப்ரித்தும் இதையே இன்றைய மொழிக்குக் கொண்டுவந்தார்கள்: கோளாறு ஏதோ ஒரு பகுதிக்குள் இல்லை, பகுதிகள் பேசிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

வயதும் பொருந்துகிறது. மூளையில் மயலின் கடைசியாகச் சேரும் இடங்களில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை ஒன்று. அந்த வேலை பதின்வயது முழுக்க நடந்து, இருபதுகளைத் தாண்டியும் போகிறது. ஆண்களுக்கு மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் தலைகாட்டும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி.

இன்னொரு தடயமும் உண்டு. மெட்டாக்ரோமாடிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்று மிக அரிதான ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. ஒரு என்சைம் குறைவதால் மயலின் அழியும். குழந்தைப் பருவத்தில் வந்தால் நடை தளர்வது முதலான உடல் கோளாறுகள்தான் முன்னால் தெரியும். 12 முதல் 30 வயதுக்குள் வந்தவர்களை எடுத்து 1992-ல் ஒரு அமெரிக்கக் குழு பார்த்தபோது, பாதிப் பேருக்கும் மேல் குரல் கேட்பது, சந்தேகம், குழம்பிய பேச்சு என்று மனச்சிதைவைப் போன்ற அறிகுறிகள் இருந்திருக்கின்றன. அதே மயலின் அழிவு, ஆனால் வரும் வயதைப் பொறுத்து வெளியே தெரியும் முகம் வேறு. நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

உயிரோடு இருப்பவரின் வெண்பொருளை எப்படி அளக்கிறார்கள்?

வாழைநாரில் ஒரு சொட்டு மை விட்டுப் பாருங்கள். நார் ஓடும் வாக்கில் நீளமாகப் பரவும். அதே மையை டிஷ்யூ பேப்பரில் விட்டால் வட்டமாகப் பரவும். மூளைக்குள் இருக்கும் தண்ணீரும் இப்படித்தான். இழைகள் ஒழுங்காக ஒரே திசையில் அடுக்கியிருந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் அந்தத் திசையில் எளிதாக நகரும், பக்கவாட்டில் திணறும். 1994-ல் பீட்டர் பாசரும் அவருடன் இருந்தவர்களும் இதை எம்.ஆர்.ஐ. மெஷினில் அளக்க ஒரு வழி சொன்னார்கள். அதுதான் டி.டி.ஐ.

அதில் கிடைக்கும் முக்கியமான எண்ணுக்கு எஃப்.ஏ. என்று பெயர். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவினால் 0, ஒரே திசையில் மட்டும் என்றால் 1. மூளைக்குள் நீர் தேங்கும் அறைகளில் இது 0-ஐ ஒட்டி இருக்கும். இடது வலது மூளைகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் நன்றாக உயர்ந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஃப்.ஏ. குறைந்தது என்றால் மயலின் குறைந்தது என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். அது தப்பு. ஸ்கேனின் ஒரு கட்டம் சுமார் 2 மில்லிமீட்டர் கனசதுரம், அதற்குள் லட்சக்கணக்கான இழைகள் இருக்கும். இரண்டு கற்றைகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டினால் எண் இறங்கும். இழைகளுக்கு நடுவே நீர் கூடினால் இறங்கும். ஆள் தலையை அசைத்தால்கூட எண் மாறிவிடும். நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம் 2012-ல் ஓஃபர் பாஸ்டர்நாக் குழு இழைகளுக்குள் இருப்பதையும் வெளியே இருக்கும் நீரையும் பிரித்துப் பார்த்தது. வெளியே நீர் கூடியிருந்தது மூளை முழுக்கப் பரவலாக இருந்தது, இழைகளில் தெரிந்த மாற்றமோ முன்மூளையை ஒட்டிச் சில இடங்களில் மட்டும்தான். தொடக்கத்தில் நடப்பது அழற்சியாக இருக்கலாம் என்ற யோசனை அங்கிருந்து வலுப்பெற்றது.

சரி, நோயாளிகளிடம் உண்மையிலேயே மாற்றம் இருக்கிறதா?

இருக்கிறது. 1998-லிருந்து சின்னச் சின்ன ஆய்வுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று இந்த இடம் என்றது, இன்னொன்று அந்த இடம் என்றது. 2018-ல் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 29 இடங்களின் ஸ்கேன்களை ஒரே முறையில் அலசியது: நோயாளிகள் 1,963 பேர், நோய் இல்லாதவர்கள் 2,359 பேர். பார்த்த 25 பகுதிகளில் 20-ல் நோயாளிகளின் எஃப்.ஏ. குறைவு. அதிகம் குறைந்தது கார்பஸ் கலோசத்திலும், முன்மூளைக்கு ஏறும் கொரோனா ரேடியேட்டாவின் முன்பகுதியிலும். ஒரு இடத்தில் மட்டும் ஒயர் அறுந்த கதை இல்லை இது. வீடு முழுக்க வோல்டேஜ் லேசாகக் குறைந்த மாதிரி.

அந்த ‘லேசாக’ என்ற சொல் முக்கியம். மூளை முழுவதுக்குமான வித்தியாசம் புள்ளியியல் அளவுகோலில் 0.42. இதை நான் வீட்டில் இப்படித்தான் விளக்கினேன்: ஒரு நோயாளியையும் நோய் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு ஜோடியாக எடுங்கள். இப்படி 100 ஜோடி. அதில் சுமார் 62 ஜோடியில் நோயாளியின் எண் குறைவாக இருக்கும். மீதி 38-ல் நோய் இல்லாதவருடையது குறைவாக இருக்கும்.

அப்படியானால் டி.டி.ஐ. எடுத்தால் நோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. மேலே சொன்ன 38 ஜோடிதான் காரணம். தவிர, இருமுனைக் கோளாறிலும் எஃப்.ஏ. குறைகிறது. வயதானாலும் குறைகிறது. மனச்சிதைவை இன்றும் டாக்டர் உட்கார்ந்து பேசி, வீட்டாரிடம் விசாரித்து, அறிகுறிகள் எத்தனை மாதமாக இருக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அதற்காகவே பணம் கட்டி டி.டி.ஐ. எடுக்க வேண்டாம்.

பிறகு ஏன் முதல் தடவை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்?

மனச்சிதைவைக் கண்டுபிடிக்க இல்லை, வேறு ஏதாவது இருந்தால் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. கட்டி, மூளைக் காய்ச்சல், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், மேலே சொன்ன லியூகோடிஸ்ட்ரோஃபி எல்லாமே முதலில் மனநோய் மாதிரி வரக்கூடும்.

ரிப்போர்ட்டில் ‘வெண்பொருளில் சில வெண்புள்ளிகள்’ என்று இருக்கிறது. அதுதான் மனச்சிதைவா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். எங்கள் வீட்டிலும் நடந்தது. தம்பியின் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ‘மூளையில ஓட்டை விழுந்துருச்சாடா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் புள்ளி வேறு, எஃப்.ஏ. மாற்றம் வேறு. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும் புள்ளிகள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, ஒற்றைத் தலைவலி, வயது என்று பல காரணங்களால் வரும். நன்றாக இருப்பவர்களிடமும் ஒன்றிரண்டு இருக்கும். ரேடியாலஜிஸ்ட் பார்த்ததை எழுதிவைப்பது அவர் கடமை, அதனால் எழுதுகிறார். அதற்குப் பக்கத்தில் ‘நான்-ஸ்பெசிஃபிக்’ என்று இருந்தால், இதிலிருந்து எந்த நோயையும் சொல்ல முடியாது என்று அர்த்தம். மனச்சிதைவில் பேசப்படும் வெண்பொருள் மாற்றமோ கண்ணுக்கே தெரியாது. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியைக் கணினியில் ஒப்பிட்டால்தான் வெளியே வரும். புள்ளிகள் நிறைய இருந்தாலோ, புள்ளியோடு கை கால் பலவீனம், பார்வை மங்கல் இருந்தாலோ நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி ரிப்போர்ட் எழுதச் சொன்ன டாக்டரிடமே காட்டிக் கேளுங்கள், கூகுளிடம் வேண்டாம்.

காதில் குரல் கேட்பதற்கும் வெண்பொருளுக்கும் தொடர்பு உண்டா?

நாம் பேசும்போது பேச்சைக் கிளப்பும் பகுதி, கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே ஒரு தகவல் அனுப்புகிறது: ‘வரப்போவது நம் குரல்தான், கண்டுகொள்ளாதே’. அதனால் சொந்தக் குரலுக்கு மூளையின் எதிர்வினை கொஞ்சம் அடங்கியிருக்கும். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் ஈ.ஈ.ஜி.யில், சத்தம் வந்து சுமார் 100 மில்லிசெகண்டில் எழும் அலை சின்னதாக இருப்பதை வைத்து இதைப் பார்க்கலாம். மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த அடக்கம் குறைவு என்று ஜூடித் ஃபோர்டின் ஆய்வுகள் காட்டின. தான் செய்ததை மூளை அந்நியர் செய்ததுபோல் வாங்கிக்கொள்கிறது.

ஏன் என்று பார்க்க தாமஸ் விட்ஃபோர்ட் குழு ஒரு அழகான சோதனை செய்தது. 2011-ல் வெளிவந்தது. நோயாளி ஒரு பட்டனை அழுத்துவார், ஒரு சத்தம் வரும். சத்தம் அவர் கிளப்பியது என்பதால் எதிர்வினை அடங்க வேண்டும், ஆனால் சரியாக அடங்கவில்லை. பிறகு, அழுத்தியதற்கும் சத்தத்துக்கும் நடுவே வேண்டுமென்றே 50 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தார்கள். இப்போது அடங்கியது. முன்தகவல் போகாமல் இல்லை, தாமதமாகப் போய்ச் சேருகிறது என்பதுதான் இதன் பொருள். விருந்தாளி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு ‘கிளம்பிவிட்டேன்’ என்று அவருடைய வாட்ஸ்அப் செய்தி வந்தால் எப்படியோ அப்படி. இந்தச் சீரடைதலின் அளவுக்கும், மூளையின் முன்பக்கத்தைக் கேட்கும் பகுதியோடு இணைக்கும் ஆர்குவேட் ஃபாசிகுலஸ் என்ற கற்றையின் எஃப்.ஏ. எண்ணுக்கும் தொடர்பும் தெரிந்தது.

ஆனால் இதே கற்றையைப் பார்த்து 2004-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: குரல் கேட்பவர்களிடம் அதன் சில பகுதிகளில் எஃப்.ஏ. அதிகம். இணைப்பு குறைந்ததால் குரலா, தேவைக்கு மேல் இருப்பதால் குரலா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கற்றையின் எந்த இடத்தை அளந்தார்கள் என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரியுமா?

பல பொருட்களைப் பார்த்திருக்கிறார்கள். இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறிப்பான்கள் சராசரியாகக் கூடியிருக்கின்றன. ஆனால் பல் சொத்தை, பருமன், புகை எல்லாமே அவற்றை ஏற்றும். பி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம் சராசரியாகக் குறைந்திருக்கிறது, அது மனச்சோர்விலும் குறைகிறது.

எஸ்100பி என்ற புரதத்தின் மேல் ஒரு காலத்தில் நிறைய நம்பிக்கை இருந்தது. மூளையின் துணைச் செல்களிலிருந்து வருவது, நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, உடலின் கொழுப்பும் அதைச் சுரக்கிறது என்று. மாத்திரையால் எடை கூடிய ஒருவரின் ரத்தத்தில் அது ஏறினால் மூளையிலிருந்து வந்ததா, தொப்பையிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது?

இப்போதைக்கு எனக்கு உருப்படியாகத் தெரிவது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற குறிப்பான். ஆக்ஸான் இழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம். வேடிக்கை என்னவென்றால் மனச்சிதைவில் இது பெரிதாக ஏறுவதில்லை. அதுவே பயன்படுகிறது: நடுத்தர வயதில் ஒருவருக்கு நடத்தை மாறினால், அது மனநோயா, முன்மூளையைத் தின்னும் டிமென்ஷியாவா என்ற குழப்பத்தில் இந்த எண் உதவும் என்று மெல்போர்ன் குழு ஒன்று காட்டியிருக்கிறது. மனச்சிதைவில் இழைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கும் இது ஒரு சான்று.

2010-ல் அமெரிக்காவில் 51 புரதங்களை அளந்து மனச்சிதைவைச் சொல்லும் என்று ஒரு ரத்தப் பரிசோதனை விற்பனைக்கே வந்தது. சில வருடத்தில் எடுத்துவிட்டார்கள்.

இது பரம்பரையா? மயலின் ஜீன்களில் கோளாறா?

முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். 2001-ல் நியூயார்க்கில், இறந்த நோயாளிகளின் முன்மூளைத் திசுவில் எந்தெந்த ஜீன்கள் எவ்வளவு வேலை செய்தன என்று பார்த்தபோது மயலின் சார்ந்தவை அடங்கிக் கிடந்தன. 2003-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது, இருமுனைக் கோளாறிலும் அதே கதை என்று சேர்த்துச் சொன்னது.

ஆனால் 2022-ல் வந்த மிகப் பெரிய மரபணு ஆய்வு மரபணுத் தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியபோது, அவை பெரும்பாலும் நரம்பணுக்களில் வேலை செய்யும் ஜீன்களைச் சேர்ந்தவையாக இருந்தன. மயலின் சுற்றும் செல்கள் முன்வரிசையில் இல்லை. ஆகவே வெண்பொருள் மாற்றம் நோயின் வேராக இல்லாமல், வேறெங்கோ தொடங்கியதன் விளைவாகவும் இருக்கலாம். அதிகம் பேசும் இழைக்கு மயலின் அதிகம் சேரும் என்று விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். போக்குவரத்து இல்லாத சாலைக்கு யார் தார் போடுவார்கள்?

கூடப் பிறந்தவர்களிடமும் சில ஆய்வுகளில் எஃப்.ஏ. நோயாளிக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்காக அவர்களுக்கு நோய் வரும் என்று அர்த்தம் இல்லை.

மாத்திரைதான் மூளையைக் கெடுக்கிறது என்கிறார்களே? நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கேள்வி நியாயமானது, அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அயோவாவில் 211 நோயாளிகளை நோய் தொடங்கியதிலிருந்து சராசரியாக 7 வருடத்துக்கு மேல் தொடர்ந்து ஸ்கேன் எடுத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: மருந்து அதிகம் எடுத்தவர்களிடம் மூளைத் திசு சற்று அதிகம் சுருங்கியிருந்தது, வெண்பொருளும் அதில் அடக்கம். இதை மறைக்கத் தேவையில்லை. நோய் கடுமையாக இருப்பவருக்குத்தானே டோஸ் அதிகம் என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு இருந்தது என்றார்கள். ஆனாலும் இது கவனித்துப் பார்த்த ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்த ஆய்வு இல்லை.

இன்னொரு பக்கம், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத புது நோயாளிகளிடமும் எஃப்.ஏ. குறைவு தெரிகிறது. அதை மருந்தின் தலையில் கட்ட முடியாது.

அப்புறம் உயிர்க் கணக்கு. ஃபின்லாந்தில் 62,250 நோயாளிகளை 20 வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2020-ல் எழுதினார்கள். மருந்தே எடுக்காத காலத்தை வைத்துக் கணக்கிட்டால் இறப்பு 46.2 சதவீதம். ஏதாவது ஒரு மனச்சிதைவு மருந்து எடுத்த காலத்துக்கு 25.7. அவற்றில் குளோசபின் என்ற மருந்தை எடுத்த காலத்துக்கு 15.6. இந்த மூன்று எண்களையும் நான் ஒரு காகிதத்தில் எழுதி எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். டோஸ் அதிகமோ என்று தோன்றினால் டாக்டரிடம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அது வேறு, நிறுத்துவது வேறு.

மீன் எண்ணெய், என்.ஏ.சி. எல்லாம் வெண்பொருளைச் சரிசெய்யுமா?

மீன் எண்ணெய்க் கதை சுவாரசியமானது. வியன்னாவில், நோய் வரும் அபாயத்தில் இருந்த 81 இளைஞர்களில் பாதிப் பேருக்கு 12 வாரம் மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பைக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் அந்தப் பக்கம் 41 பேரில் 2 பேருக்கு நோய் முற்றியது, வெற்று மாத்திரை பக்கம் 40-ல் 11 பேருக்கு. 2010-ல் இது வந்தபோது எல்லோரும் துள்ளினார்கள். 304 பேரோடு பல நாடுகளில் அதையே திரும்பச் செய்து 2017-ல் எழுதியபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. மத்தி மீன் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். மருந்தாக நினைக்க வேண்டாம்.

என்.ஏ.சி. நம் ஊரில் சளியை இளக்கத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் கிம் டோ குழு பல வருடமாக ஒரு கருத்தைத் துரத்துகிறது: மூளையில் குளூட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருள் குறைந்தால் மயலின் சுற்றும் செல்கள் முதலில் அடிபடும். நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறு மாதம் தினம் 2,700 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் குளூட்டாதயோன் கூடியது. ஒரு சிறிய குழுவில் ஃபோர்னிக்ஸ் என்ற கற்றையின் எஃப்.ஏ.யும் ஏறியது. ஆனால் நோய் அறிகுறிகள் வெற்று மாத்திரையைவிடக் குறையவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம் கடைசி வாக்கியம்தான்.

உடற்பயிற்சி?

செய்யலாம். நெதர்லாந்தில் ஆறு மாதம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, நோயாளி மற்றவர் இருதரப்பிலும், சில கற்றைகளில் எஃப்.ஏ. ஏறியது. சின்ன ஆய்வுதான். ஆனால் எடை, சர்க்கரை, தூக்கம் எல்லாவற்றுக்கும் நல்லது என்பதால் இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆய்வுக்கு ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டால் போகலாமா?

போகலாம். எக்ஸ்ரே கதிர் கிடையாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பாதியில் விலகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் தாளைத் தமிழில் தரச் சொல்லுங்கள். உடம்பில் பேஸ்மேக்கர், உலோகத் துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் ‘கூடப் பிறந்தவர்’ பிரிவில் ஒரு ஆய்வுக்குப் போயிருக்கிறேன். காதில் பஞ்சு அடைத்து, தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்ச் செருகிப் படுக்கவைத்தார்கள். டி.டி.ஐ. ஓடும்போது சத்தம் மட்டும் இல்லை, படுத்திருக்கும் பலகையே டவுன் பஸ் பின்சீட் மாதிரி அதிரும். மூக்கு அரித்தாலும் கையைத் தூக்கக் கூடாது. வெளியே வந்ததும் அந்த டெக்னீஷியன் பெண்ணிடம் என் எண் எவ்வளவு என்று கேட்டேன். ‘தனி ஆளுக்கு அப்படி எதுவும் சொல்ல மாட்டோம் சார், எல்லாரையும் சேர்த்துத்தான் பார்ப்போம்’ என்றார். தம்பி வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவனும் அதே கேள்வியைக் கேட்டான். அதே பதிலைச் சொன்னேன்.